அன்னாசி உறையாது

பிப்ரவரி 9

வாலு,

உன் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். மாடி வீட்டுத் தையற்காரி மேசையில் கிடந்த உறைகளைப் பார்த்துவிட்டு, "கூடப் பிறந்தவதானே, உனக்கென்ன கல்லு மனசா?" என்று கேட்டாள். கல் மனசு இல்லை, கை ஒழியவில்லை என்றேன். பொய்தான். கை ஒழிந்த நேரத்திலும் எழுத மனம் வரவில்லை.

முதலில் ஒரு விஷயம். இனிமேல் போன் செய்யாதே. டிசம்பரில் நீ பேசியபோது அப்பாவும் கேட்கட்டும் என்று போனை அவர் தலைமாட்டில் வைத்தேன். உன் குரலைக் கேட்டதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம், புரட்டிப் படுக்கவைத்தால் வேண்டாம். வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை இன்னொரு தடவை என்னால் பார்க்க முடியாது. சொல்ல வேண்டியதை எழுது.

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். நீ பார்த்துவிட்டுப் போன மாதிரியேதான். வலது பக்கம் அசைவில்லை, பேச்சு இல்லை, கண் மட்டும் எல்லாவற்றையும் பார்க்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். ஒரு தட்டு என்றால் தண்ணீர், இரண்டு என்றால் புரட்ட வேண்டும், மூன்று என்றால் அவசரம். அவர் ஓட்டிய பிரெட் வண்டி நின்ற கொட்டகையில் இப்போது தையற்காரி துணி உலர்த்துகிறாள்.

நான் கேக் சுடுவதை விடவில்லை. பழக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டுப் போகும்போது அடிபட்ட பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். தையற்காரி காய்ந்த பிரெட் கொண்டுவருகிறாள். மறுநாள் அவர்களுக்குக் கேக்காகத் திரும்பப் போகிறது. ஒரு கேக் ஓவனில் நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் முக்காலி போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். தெருமுனை வரைக்கும் போய்வரலாம் என்று காலை எடுத்து வைத்தால், உள்ளே அப்பா ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். திரும்ப வந்து உட்கார்ந்துவிடுவேன். தெருமுனையைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது.

நீ போனதில் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேரும் இங்கே கிடந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் நீ இப்போது வேலை பார்க்கிற அந்த ஹோட்டலுக்கு விண்ணப்பம் போட்டவள் நான். வீட்டில் செய்த ஒரு இனிப்பைக் கொண்டுவரச் சொன்னதும், முந்தின நாளே காய்ந்த பிரெட் தூளும் முழு ஆரஞ்சும் போட்டுக் கேக் செய்து மூடி வைத்தவள் நான். விடிந்ததும் அப்பா குளியலறையில் விழுந்தார். நான் ஆம்புலன்சில் ஏறினேன். நீ என் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஹோட்டல்காரர்களிடம் போனாய். வேலைக் கடிதம் உன் பேருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "கெட்டுப்போயிடும்னுதான் எடுத்துட்டுப் போனேன்" என்றாய். இந்த வீட்டில் எதையும் வீணாக்கக் கூடாது என்று உனக்குப் பழக்கிவிட்டது தப்பாகிவிட்டது.

ஒரு வருஷம், அடுத்த ஆரஞ்சு வரத்துக்கு வந்துவிடுகிறேன், அப்புறம் நீ போ என்று சொன்னாய். நவம்பருக்கு இன்னும் ஒன்பது மாதம். நான் மறக்கவில்லை.

நீ கேட்ட வாழைப்பழ கேக்: தோல் நன்றாகக் கறுத்த பழம் நாலைந்து, மாவு கொள்ளுமளவு, சர்க்கரை பழத்தின் இனிப்பைப் பார்த்து. மற்றது உனக்கே தெரியும்.

அக்கா


மார்ச் 2

என் அருமைக் கோபக்கார அக்காவுக்கு,

நாலு மாதத்துக்கு ஒரு கடிதம், அதிலும் திட்டு. இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மெஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். போன் செய்ய மாட்டேன். அப்பா விஷயத்தைப் படித்துவிட்டுச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். இனிப்புக் கூடம் நம் தெருவை விடப் பெரிசு என்று வைத்துக்கொள். ஒரே நேரத்தில் ஆறு ஓவன். அதற்கு ஒரு தலைவர் இருக்கிறார், அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் தராசு. எல்லாவற்றையும் நிறுத்துத்தான் போடுவார். உப்பு ஒரு சிட்டிகை என்று ஒருத்தன் சொல்லிவிட்டான். "யாரோட சிட்டிகை?" என்று கேட்டார். ஒரு வாரம் அந்தப் பையனைச் சிட்டிகை என்றே கூப்பிட்டோம்.

உன்னைப் பற்றி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உன் வாழைப்பழ கேக்குக்கு இங்கே அத்தனை நல்ல பேர். ஆனால் உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், அளவு போட்டு எழுது. கொள்ளுமளவு என்றால் எனக்குப் புரியும், கிராம் கணக்கில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது? பழைய பிரெட்டில் நீ செய்வாயே, மேலே மஞ்சளாகப் பழம் நிற்கும், அதை எழுது. ஆரஞ்சு கேக்கையும் எழுது. ஆரஞ்சை நீ என்ன செய்வாய்? அப்படியே அரைப்பாயா?

கை மட்டும் தோல் உரிகிறது. நாளெல்லாம் எலுமிச்சை பிழிவதால் இருக்கும். பயப்படாதே.

தூங்குகிறாயா? சாப்பிடுகிறாயா?

உன் வாலு


மார்ச் 21

வாலு,

தராசிடம் போய்ச் சொல், என் வீட்டில் தராசு இல்லை. பாத்திரக்காரன் கொடுத்த நசுங்கின டம்ளர் ஒன்று உண்டு, அதுதான் அளவு. மாவு ஈரமாக இருக்கிற நாளில் ஒரு கை கூடப் போடுவேன், வெயிலடித்தால் குறைப்பேன். இதை எந்தக் கிராமில் எழுதுவது? நீ பக்கத்தில் நின்று ஒரு தடவையாவது பார்த்திருந்தால் கேட்க வேண்டியிருக்காது. கேக் இறங்கும்போதுதான் அடுப்படிக்கு வருவாய்.

ஆரஞ்சு கேக்கை எழுத மாட்டேன். அது என்னுடையது. நவம்பரில் நான் அங்கே வந்து என் கையால் செய்வேன். அதுவரைக்கும் அது இந்த வீட்டில் இருக்கட்டும்.

நேற்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், இடது கையால். விடவே இல்லை. அன்பு என்றுதான் தையற்காரி சொன்னாள். எனக்குத் திக்கென்றது. ஓவனில் கருகுகிற வாடை வருகிறது, கையை உருவ முடியவில்லை. கேக் கரியாகப் போயிற்று. அப்போதுதான் முதல் தடவையாக அவர்மேல் எரிச்சல் வந்தது, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அன்னாசி சீசன் தொடங்கிவிட்டது. நீ கேட்ட பிரெட் புட்டிங்கை எழுதுகிறேன். காய்ந்த பிரெட் ஆறு துண்டைப் பிய்த்துப் போட்டு, இரண்டு டம்ளர் பால், மூன்று முட்டை, அரை டம்ளர் சர்க்கரை அடித்து ஊற்றி ஊறவிடு. நாற்பது நிமிடம் வேகட்டும். ஆறிய பிறகு மேலே அன்னாசி. ஒரு பழத்தைத் தோல் சீவிக் கண் எடுத்துப் பொடியாக நறுக்கிக்கொள்.

மூன்று தட்டு. இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன், துணியெல்லாம் மாற்ற வேண்டியதாகிவிட்டது. எங்கே விட்டேன்? ஜெலட்டினை வெந்நீரில் கரைத்து, நறுக்கிய பழத்தை அதில் கலந்து, புட்டிங் மேல் ஊற்றிக் குளிரில் நாலு மணி நேரம் வை. அவ்வளவுதான். கையெல்லாம் டெட்டால் வாசனை, எழுதப் பிடிக்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

அன்னாசி புட்டிங் பிரமாதம். நீ எழுதியபடியே, ஒரு எழுத்து மாறாமல் செய்தேன். கத்தியால் வெட்டினால் கண்ணாடி மாதிரி நின்றது. தராசே இரண்டாவது துண்டு கேட்டார் என்றால் பார்த்துக்கொள். தட்டைக் கழுவ வேண்டிய வேலையே இல்லாமல் நக்கிவைத்துவிட்டார்கள்.

அப்பாமேல் எரிச்சல் வந்தது என்று எழுதியிருந்தாய். வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு வாரம்தான் நான் அந்த அறையில் இருந்தேன். அதிலேயே எனக்கு மூச்சு முட்டிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு வேலை ஓடவில்லை.

நவம்பர் பற்றி ஒன்று. இங்கே சீசன் அப்போதுதான் சூடுபிடிக்குமாம். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே ஆகலாம். பேசிப் பார்க்கிறேன். நீ மனசைத் தளரவிடாதே.

ஆரஞ்சு கேக்கில் ஆரஞ்சை என்ன செய்வாய் என்று மட்டுமாவது எழுதேன். செய்முறை வேண்டாம், அது ஒன்று மட்டும்.

வாலு


ஏப்ரல் 19

வாலு,

அன்னாசி உறையாது.

பச்சை அன்னாசியை ஜெலட்டினில் போட்டால் நாலு மணி நேரம் இல்லை, நாலு நாள் வைத்தாலும் தண்ணீராகத்தான் நிற்கும். பழத்தை முதலில் சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். அப்போதுதான் அதன் கொட்டம் அடங்கும். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்து, வந்த விருந்தாளிகளுக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தவள்தான். அந்த ஒரு வரியை எழுதுவதற்குள் அப்பா தட்டிவிட்டார். திரும்பி வந்து எழுத மறந்துவிட்டேன். கடிதம் போன நாலாம் நாள் ஞாபகம் வந்து, ஐயோ, குழந்தை அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்திருப்பாளே என்று பதறிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்தது. கண்ணாடி மாதிரி நின்றதாம். ஒரு எழுத்து மாறாமல் செய்தாயாம்.

நீ அதைச் செய்யவில்லை. வாழைப்பழ கேக்கும் செய்திருக்க மாட்டாய். எலுமிச்சை பிழிந்தால் எரியும், தோல் உரியாது. தோல் உரிவது சோப்புத் தண்ணீரில். இங்கே துணி அலசி அலசி எனக்கும் உரிகிறது.

நான் உன்னைத் திட்டுவதற்காக எழுதவில்லை. பயமாக இருக்கிறது. நீ எங்கே இருக்கிறாய்? என்ன வேலை செய்கிறாய்? உன்னை யார் என்ன செய்கிறார்கள்? நான் எழுந்து ஓடிவர முடியாத இடத்தில் இருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் உண்மையை எழுது.

அக்கா


மே 11

வாலு,

உயிரோடு இருந்தால் ஒரு வரி போடு.

அக்கா


மே 24

அக்கா,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இதைத் திருப்பிப் படிக்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

நான் பாத்திரம் கழுவுகிறேன். வந்த முதல் நாளே தராசு என்னிடம் ஆரஞ்சும் பிரெட் தூளும் கொடுத்து, அதே கேக்கைச் செய்யச் சொன்னார். ஆரஞ்சைப் பச்சையாகத் தோலோடு அரைத்துப் போட்டேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. வெந்து வந்ததை ஒரு விள்ளல் வாயில் வைத்தார். கசப்பு. கோபப்படவில்லை. "இந்தக் கைக்கும் அந்தக் கேக்குக்கும் சம்பந்தமே இல்ல" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே என்னைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கழுவும் அறைக்கு ஜன்னல் இல்லை. நீராவியில் எதிரே நிற்கிறவள் முகம் தெரியாது. கருகிய சர்க்கரை ஒட்டின தட்டுகள் மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். விடுதி பின்னாலேயே, ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். ஒரு வருஷம் என்று உன்னிடம் சொன்னேன், நான் கையெழுத்துப் போட்டது இரண்டு வருஷத்துக்கு. என் சான்றிதழெல்லாம் அலுவலகப் பீரோவில் இருக்கிறது. நடுவில் போனால் தரமாட்டார்கள்.

உன் கடிதங்களைக் கழுவிக்கொண்டே சத்தமாகப் படிப்பேன். அங்கே இருக்கிற எட்டுப் பேருக்கும் உன் வாழைப்பழ கேக் மனப்பாடம். ஒருத்தர்கூட அதைத் தின்றதில்லை. ஆரஞ்சை என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே, அது தெரிந்தால் இன்னொரு தடவை செய்துகாட்டி மேலே போய்விடலாம் என்றுதான்.

இதோடு முடிந்திருந்தால் முன்னாலேயே எழுதியிருப்பேன். இன்னொன்று இருக்கிறது. அந்த முதல் நாள் என்னைக் கீழே அனுப்புவதற்கு முன்னால் தராசு சொன்னார்: "அதைச் செஞ்சவங்களைக் கூட்டிட்டு வா. அவங்க வேலையில சேர்ற அன்னைக்கே நீ வீட்டுக்குப் போகலாம். உன் பேப்பர் எல்லாத்தையும் கையில தந்துடறேன்."

நவம்பரில் சொன்னது. ஆறு மாதம் ஆகிறது. நான் உனக்கு எழுதவில்லை.

வெட்கத்தால் இல்லை, அக்கா. நீ இங்கே வந்தால் நான் அந்த அறைக்குத் திரும்ப வேண்டும். அந்த வாடை, அந்தக் கரண்டிச் சத்தம், அப்பா என்னைப் பார்க்கிற பார்வை. அவரைப் புரட்டும்போது ஒரு நாள் கை நழுவி அவர் தலை கம்பியில் இடித்தது. உன்னிடம் சொல்லவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. இரண்டு வருஷம் தட்டுக் கழுவினாலும் கழுவுவேன், அது மட்டும் முடியாது என்று நினைத்தேன். நீ அங்கே மாட்டிக்கொண்டு கிடப்பது தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி உன் இஷ்டம்.

வாலு


ஜூன் 2

வாலு,

உன் கடிதத்தைப் படித்ததும் கையில் இருந்த முட்டையைத் தொட்டியில் ஓங்கி அடித்தேன். அப்புறம் இன்னொன்று. கூடையில் இருந்த பன்னிரண்டையும் அடித்து முடித்தேன். அடித்த பிறகு பார்த்தால் வீணாகிறதே என்று இருந்தது. நல்ல வேளை தொட்டியைக் காலையில்தான் தேய்த்திருந்தேன். ஓட்டைப் பொறுக்கிவிட்டு, வடிகட்டி, பால் ஊற்றிக் கஸ்டர்டு செய்தேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் கிண்டினேன். அப்பா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். நம் புத்தி எங்கே போகும்?

கோபம் இன்னும் தீரவில்லை. தீரும் என்று நினைக்காதே. என் வீட்டில் ஜன்னல் இருக்கிறது. ஆறு மாதமாக அதன் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்திருக்கிறது, எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. என் கேக்கை எடுத்துப் போனதைக்கூட மன்னித்துவிட்டேன் என்று நினைத்தேன். இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை.

அந்த அறை உனக்குப் பயம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் பயம்தான். காலையில் அந்தக் கதவைத் தள்ளுவதற்கு முன்னால் தினமும் ஒரு நிமிடம் வெளியிலேயே நிற்கிறேன். என் கையிலிருந்தும் அவர் நழுவியிருக்கிறார், இரண்டு தடவை. உனக்கு முடியாதது எனக்கு முடியும் என்று நீயாக எப்படி முடிவு கட்டினாய்? யாரும் என்னைக் கேட்கவில்லை, அதனால் செய்துகொண்டிருக்கிறேன்.

தராசிடம் போய் ஒன்று கேள். அவர் சொன்ன வார்த்தை இன்னும் நிற்கிறதா?

ஆரஞ்சை முழுசாக ஒன்றரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். தோல் விரலால் அழுத்தினால் உள்ளே போகும் வரைக்கும். தண்ணீரை இரண்டு தடவை மாற்ற வேண்டும், கசப்பு அதோடு போய்விடும். இனிமேல் ஒளித்துவைத்து என்ன ஆகப்போகிறது?

அக்கா


ஜூன் 13

அக்கா,

கேட்டேன். ஈரக் கையோடு மேலே போய் நின்றேன். தராசு என்னைப் பார்த்தார். "ஏழு மாசம் எதுக்குக் காத்திருந்தே?" என்று கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டேன். வார்த்தை நிற்கிறது என்றார். ஜூலை முதல் தேதி நீ இங்கே சேர வேண்டும். எனக்கு இருபத்தெட்டாம் தேதி லீவு தருகிறார்கள். இரண்டு நாள் நாம் சேர்ந்து இருக்கலாம். அதற்குள் எல்லாவற்றையும் எனக்குக் காட்டிக்கொடு. எனக்குக் கண்ணளவு வராது, எழுதியும் வை.

கீழே எட்டுப் பேரும் உன்னை வாழைப்பழ அக்கா என்கிறார்கள். வந்ததும் ஒரு கேக் செய்து கீழே அனுப்பு.

வரப் பயமாக இருக்கிறது. வருகிறேன்.

வாலு


ஜூன் 30, சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியது

வாலு,

நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அளவு அளவு என்று கேட்டாயே, இந்தா.

ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு: இப்படி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலது தோளுக்கு அடியில் உன் முழங்கை வரைக்கும் கையை விடு. மூன்று எண்ணு, மூன்றில் புரட்டு, இரண்டில் புரட்டினால் அவர் தயாராக இருக்க மாட்டார். முதுகுக்குப் பெரிய தலையணை, முழங்கால் நடுவில் சின்னது. தண்ணீர் ஒரு நேரத்தில் ஏழு ஸ்பூன், எட்டாவது புரையேறும். கஸ்டர்டு, புட்டிங் எதுவானாலும் ஸ்பூனில் பாதிதான். விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்தது. நகம் வெட்டும்போது மட்டும் அவரோடு பேசிக்கொண்டே இரு, இல்லாவிட்டால் கையை இழுத்துக்கொள்வார். கேக் ஓவனில் இருக்கும்போது அவர் கையைப் பிடித்தால், கேக்கை விட்டுவிடு.

நேற்று நீ கடைக்குப் போயிருந்தபோது அவரிடம் சொன்னேன். நான் போறேன்ப்பா, சின்னவ பாத்துப்பா என்றேன். தட்டவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

நேற்று இரண்டு தடவை நீயாகப் புரட்டினாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் செய்தாய்.

அக்கா


ஜூலை 9

வாலு,

சேர்ந்துவிட்டேன். நானும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கேட்டை ஒன்பதுக்கு இங்கே நிஜமாகவே பூட்டுகிறார்கள்.

தராசு ஆரஞ்சு கேக் கேட்டார். இப்போது ஏது ஆரஞ்சு? குளிர் அறையில் அழுந்திப்போன பிளம்ஸ் ஒரு கூடையும், வெட்டி ஒதுக்கின பிரெட் ஓரங்களும் கிடந்தன. அதை எடுத்துக்கொண்டேன். நான் கையால் அள்ளி அள்ளிப் போட, அவர் ஒவ்வொரு கையையும் வாங்கி நிறுத்துப் பார்த்தார். மூன்று கை அள்ளினேன், மூன்றும் ஒரே எடை. தராசு ரிப்பேரா என்று அதைத் தட்டிப் பார்த்தார். உனக்கு அந்த முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கேக்கை ஓவனில் வைத்தேன். நாற்பது நிமிடம். யாரும் கூப்பிடவில்லை. அப்படி ஒரு நாற்பது நிமிடம் வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்? கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கோடியில் ஒருத்தி கரண்டியில் ஒட்டின மாவைக் கிண்ணத்தில் தட்டினாள். மூன்று தட்டு. நான் ஓடினேன், வாலு. மாவுக் கையோடு நடை முழுக்க ஓடிப்போய், மூடியிருந்த குளிர் அறைக் கதவைத் திறந்து நின்றேன். உள்ளே வெண்ணெய்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். தராசு சிரிக்கவில்லை. முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "உட்காருங்க, இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க" என்றார். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

கேக் நன்றாக வந்தது. பாதியைக் கீழே அனுப்பினேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக விழிப்பு வருகிறது. அவரை யார் புரட்டுகிறார்கள் என்று ஒரு கணம் தூக்கிவாரிப்போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் போன் செய்கிறேன். அவர் தலைமாட்டில் வை. அவர் மூச்சுச் சத்தத்தையாவது கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 17

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதும் அப்பா தட்ட ஆரம்பித்தார். நீ வைத்துவிட்டாய், அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தேன், புரட்டினேன், துணியைப் பார்த்தேன். எதுவும் இல்லை. அவர் வாசல் கதவைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், நீ கையைத் துடைத்துக்கொண்டே வருவாயே, அந்தக் கதவை. இருட்டும் வரைக்கும் தட்டினார். நான் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஓவனில் வேறு புட்டிங் இருந்தது. எங்கே ஓடுவது?

பழக்கடைக்காரர் கடைசி அன்னாசியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பத்து நிமிடம் கொதிக்கவைத்துத்தான் போட்டேன். உறைந்துவிட்டது. கத்தியால் வெட்டினேன், நின்றது. இந்தத் தடவை பொய் இல்லை. அப்பாவிடம் அரை ஸ்பூன் கொண்டுபோனேன், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டார். தொண்டையைப் பார்த்தேன். விழுங்கினார். அடுத்த அரை ஸ்பூன் கொடுத்தேன்.

நாற்பது நிமிடமும் உன் முக்காலியில்தான் உட்காருகிறேன். தெருமுனைக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. பயம் போகவில்லை. கை மட்டும் நழுவுவதில்லை.

இனிமேல் போன் செய்யாதே, அக்கா. சொல்ல வேண்டியதை எழுது. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன்.

வாலு